வெட்பாலைத் தைலம்: முதன்முறை செய்கிறவர்களுக்கு

நாங்குநேரி, களக்காடு பக்கம் பொத்தையடிகளில், அதாவது சிறு குன்றுகளின் அடிவாரத்தில், வெட்பாலை மரம் தானாகவே வளர்ந்து நிற்கும். சொரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படைக்கும் பொடுகுக்கும் சித்த மருத்துவத்தில் தருகிற ஊதா நிறத் தைலம் இதன் இலையில் செய்வதுதான். அடுப்பு வேண்டாம், நம்ம ஊர் வெயில் போதும்.

முதலில் மரத்தைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். இலை கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், பூ வெள்ளையாக இருக்கும். குடசப்பாலையும் அப்படித்தான், அதனால் காயைப் பாருங்கள். வெட்பாலைக் காய் இரட்டையாகத் தொங்கும். முற்றும்வரை இரண்டின் நுனியும் ஒட்டியே இருக்கும். அப்பவும் சந்தேகமா? ஓர் இலையை மட்டும் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வையுங்கள். ஊதா இறங்கவில்லை என்றால் அந்த மரம் வேண்டாம்.

இலையை அலசி, ஈரம் போக நிழலில் விரித்துவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதல் தடவை நான் ஈரத்தோடு போட்டுவிட்டேன். நாலாம் நாள் மேலே பூஞ்சணம் படர்ந்து, அரை லிட்டர் செக்கு எண்ணெயைக் கொட்ட வேண்டியதாயிற்று. துடைத்தாலும் காம்பு இடுக்கில் தண்ணீர் நிற்கும், தொட்டுப் பாருங்கள். வாடிச் சருகாகவும் விடக்கூடாது.

அப்புறம் கையாலேயே கிழித்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் போடுங்கள். இரும்பு படக்கூடாது என்பாள் எங்கள் ஆச்சி. இலை மூழ்க எண்ணெய் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வையுங்கள், பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். முதல் நாளே கிழித்த விளிம்பைச் சுற்றி ஊதா இழை இழையாக இறங்கும். நாலைந்து நாளில் நாவல்பழச் சாறு போல ஆகிவிடும். வடிகட்டிப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கை உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். எரிச்சல் இல்லை என்றால் படையில் மெல்லிசாகத் தடவலாம். சீழ், திறந்த புண் மேல் வேண்டாம். தலையணை உறையில் கறை படியும், பழைய துணி விரியுங்கள். படை பரவினாலோ மூட்டு வலித்தாலோ பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கோ தோல் மருத்துவரிடமோ போய்விடுங்கள்.

புற்றுநோய்க் கட்டிக்கும் இதைத் தடவலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வெட்பாலையின் குடும்பத்தைச் சேர்ந்த நித்தியகல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. ஆனால் அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். வீட்டில் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் விஷம். கட்டி தட்டுப்பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.