இடுப்பு முறிவு வலிக்கு அல்ட்ராசவுண்ட் பிளாக்: அவசரப் பிரிவு மருத்துவர்களைப் பழக்குவது எப்படி?

இடுப்பு முறிந்து வரும் முதியவர் அசையாமல் படுத்திருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பார். எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போதுதான் அலறுவார். மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போனால் மயக்கக் கலக்கமும் மூச்சு மந்தமும் மனக்குழப்பமும் வந்து சேரும். ஃபேசியா இலியாக்கா பிளாக் கைகொடுப்பது இங்கேதான்: கவட்டையில் தசையை மூடியிருக்கும் ஃபேசியா இலியாக்கா என்ற உறைக்கு அடியில், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி மரப்பு மருந்தைச் செலுத்தி நரம்புகளை மரக்கச் செய்யும் முறை. முறையாகப் பழகிய அவசரப் பிரிவு மருத்துவரே இதைச் செய்யலாம். அந்தப் பயிற்சியை முதன்முறையாக நடத்தப் போகிறவர்களுக்கும் அதில் சேரப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. இதைப் படித்துவிட்டு நேரே நோயாளியிடம் போய்விட வேண்டாம்.

படி 1: ஊசி இல்லாமல் படம் பார்ப்பது

தன்னார்வலர் ஒருவரைப் படுக்க வைத்து, அல்ட்ராசவுண்டின் லீனியர் ப்ரோபை (தோலில் வைக்கும் நேர்முனைக் கருவி) கவட்டை மடிப்பில் குறுக்காக வையுங்கள். துடிக்கும் கருவட்டம் தொடைத் தமனி. அதன் உட்பக்கம் இருக்கும் சிரை, அழுத்தினால் அமுங்கிவிடும். தமனிக்கு வெளிப்பக்கம் இலியோசோவாஸ் தசை; அதன்மேல் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரிவதுதான் ஃபேசியா இலியாக்கா. தொடை நரம்பு அந்தக் கோட்டுக்கு அடியில் இருக்கும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது மேலே உள்ள இன்னொரு வெள்ளைக் கோட்டில். அது ஃபேசியா லாட்டா, தொடையைச் சுற்றியிருக்கும் மேல் உறை. மருந்தை அங்கே விட்டால் வலி குறையாது. பிரித்தறிய ஒரு வழி: தமனி ஃபேசியா இலியாக்காவுக்கு மேலே, நரம்பு கீழே. இரண்டுக்கும் நடுவே போகும் கோட்டைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டும்வரை அடுத்த படிக்கு விடாதீர்கள்.

படி 2: பொம்மையில் ஊசி

பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குவேன். ஜெலட்டின் கட்டியோ இறைச்சித் துண்டோ போதும். கற்பவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள் இரண்டு: ஊசி நுனி தெரியாமலே ஊசியை உள்ளே தள்ளுவது, தன்னை அறியாமலே ப்ரோபை நகர்த்திவிடுவது. நுனி மறைந்தால் ஊசி நிற்க வேண்டும். பிறகு ப்ரோபை மட்டும் மெல்லச் சாய்த்துத் தேட வேண்டும்; இரண்டு கையையும் ஒரே நேரத்தில் அசைத்தால் நுனி அகப்படாது. திரை எதிர்ப்பக்கம், நேர்ப்பார்வையில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஊசி போடுகிறவரின் கை தானாக நகரும்.

படி 3: கணக்கு

மரப்பு மருந்தான பியூபிவகெய்னின் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. நோயாளி 40 கிலோ என்றால் 80 மி.கி. 0.25% கரைசலில் ஒரு மி.லிக்கு 2.5 மி.கி. இருப்பதால் 32 மி.லிதான் எல்லை. இந்த பிளாக்கில் மருந்து பரவக் கன அளவு வேண்டும். வழக்கமாக 30 முதல் 40 மி.லி. ஆகவே அந்த 32 மி.லியோடு 8 மி.லி சலைன் கலந்து 40 ஆக்கிக்கொள்ளலாம். ஒல்லியான முதியவர்களுக்கான கணக்கைத் தாளில் எழுதிப் போட வையுங்கள்.

வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவை மருந்து நஞ்சாவதன் அறிகுறிகள். அதற்கு மாற்று மருந்தான 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும். முதல் அளவு கிலோவுக்கு 1.5 மி.லி.

படி 4: நோயாளியிடம், மூத்தவர் பக்கத்தில் நிற்க

சம்மதம், ஐ.வி. லைன், மானிட்டர். ஒவ்வாமை, ஊசி போடும் இடத்தில் தொற்று, ரத்தம் உறையாமைக்கான மருந்து, கவட்டையில் ரத்தக்குழாய் அறுவை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். காலின் உணர்வையும் நாடியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஊசியை எடுக்குமுன் எந்தப் பக்கம் என்று இன்னொருவரோடு உரக்கச் சரிபாருங்கள்.

வெளிப்பக்கத்திலிருந்து, ஊசி முழுதும் திரையில் தெரியும்படி ப்ரோபின் தளத்திலேயே போகட்டும். தமனியை நெருங்கத் தேவையில்லை. கோட்டைத் தாண்டியதும் உறிஞ்சிப் பார்த்து 1, 2 மி.லி சலைன் விடுங்கள். கோடு மேலே எழும்பி, தசைக்கும் அதற்கும் இடையே கருநிறத்தில் திரவம் பரவினால் சரியான இடம். தசையே உப்பினால் ஆழம் அதிகம், பின்னால் இழுங்கள். பிறகு 5 மி.லிக்கு ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துச் செலுத்துங்கள். மருந்தைத் தள்ளுவது கைக்குக் கனத்தாலோ நோயாளிக்குச் சுரீரென்று வலித்தாலோ உடனே நிறுத்துங்கள்.

படி 5: அதற்குப் பிறகு

20 முதல் 30 நிமிடத்தில் வேலை செய்யும். வலியை அசையும்போதும் கேட்டுக் குறியுங்கள். படுத்திருக்கும்போது மட்டும் கேட்டால் பிளாக் பலித்ததா என்று தெரியாது. இடுப்பு மூட்டுக்குப் போகும் எல்லா நரம்பும் இதில் மரத்துப்போகாது, அதனால் பாராசிட்டமாலை நிறுத்தாதீர்கள்.

'இத்தனை பிளாக் முடித்தால் தேர்ச்சி' என்ற எண்ணிக்கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நுனி மறைந்ததும் யாரும் சொல்லாமலே ஊசியை நிறுத்துகிறாரா என்பதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். மருந்து, அளவு, பக்கம், நேரம் நான்கும் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் இன்னொரு பிளாக் போட நினைத்தால், இன்னும் எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்.