எண் வகைகளைப் பிள்ளைகளுக்கு எப்படித் தொடங்குவது?

வரையறையை முதல் நாளே போர்டில் எழுதிப் போடாதீர்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு மறுநாள் மறந்துவிடுவார்கள். கணக்கு எங்கே முட்டி நிற்கிறதோ அங்கேதான் புது எண் பிறக்கிறது என்று காட்டுங்கள்.

1, 2, 3 என்று எண்ணுவது இயல் எண்கள். கூடவே பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் முழு எண்கள். 3-லிருந்து 5-ஐக் கழிக்கச் சொல்லுங்கள், யாராவது "முடியாது சார்" என்பார்கள். கையில் 3 ரூபாய், டீக்கடையில் 5 ரூபாய் பாக்கி என்றால் உடனே −2 வந்துவிடும். இப்படிப்பட்ட குறை எண்களையும் சேர்த்தால் முழுக்கள். (முழு எண், முழுக்கள் என்ற இந்தப் பெயர்க் குழப்பம் எனக்கே எரிச்சல்தான்.)

அப்புறம் வகுத்தல். 1-ஐ 7-ஆல் போர்டிலேயே வகுக்க வையுங்கள், அவசரப்படாமல். மீதி 3, 2, 6, 4, 5, 1 என்று வரும், 1 வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம், அதனால் 0.142857 142857 என்று சுழன்றுகொண்டே இருக்கும். மீதியாக 1 முதல் 6 வரைதான் வரமுடியும் என்பதால் சுழலாமல் வேறு வழியே இல்லை. இப்படி ஒரு முழுவை இன்னொரு முழுவால் (0 தவிர) வகுத்து வருவதுதான் விகிதமுறு எண், 0.5 போல முடிந்துபோவதும் இதில் சேரும்.

சரி, முடியாமலும் சுழலாமலும் போகிற எண் உண்டா? 10 செ.மீ. சதுரம் வெட்டி மூலைவிட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஸ்கேலில் 14.1 கிடைக்கும், உண்மையில் அது 14.1421356... என்று முடியாமலும் சுழலாமலும் போகும், அதாவது விகிதமுறா எண். இரண்டு வகையும் சேர்ந்தால் மெய்யெண்கள். π-யும் விகிதமுறா எண்தான், ஆனால் π என்றாலே பிள்ளைகள் 22/7 என்பார்கள், அது வெறும் தோராயம் என்று அப்போதே திருத்திவிடுங்கள்.