ஐரிஷ் பப்புக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்களும், நர்சிங் முடித்து அயர்லாந்தின் டப்ளினுக்கு விமானம் ஏறியவர்களும் ஒருநாள் இந்த அழைப்பைக் கேட்பார்கள்: "சாயங்காலம் ஐரிஷ் பப் போலாம், வர்றியா?" குடிக்காதவர்கள் உடனே மறுத்துவிடுகிறார்கள். மறுக்க வேண்டியதில்லை. பேச்சும் பாட்டும் சூடான சாப்பாடும் சேர்ந்த இடம் அது. சோடா குடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

படி 1: போகும் முன்

அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் மது வாங்க 18 வயது போதும். நம் தமிழ்நாட்டில் 21. பெங்களூருக்கும் 21 என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். அயர்லாந்தில் பல பப்களில் ராத்திரி 9 மணிவாக்கில் சமையலறையை மூடிவிடுவார்கள், அதனால் சாப்பிடுவது திட்டமென்றால் 7 மணிக்கே போய்விடுங்கள்.

படி 2: கவுன்டருக்குப் போங்கள்

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேசையில் உட்கார்ந்து சர்வர் வருவார் என்று காத்திருந்தால், அயர்லாந்தில் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். நீங்களே கவுன்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, கையோடு வாங்கி வர வேண்டும். கையைத் தட்டிக் கூப்பிடாதீர்கள், நோட்டை ஆட்டிக் காட்டாதீர்கள். யார் முதலில் வந்தார்கள் என்பது கவுன்டரில் நிற்பவருக்குத் தெரியும். அவர் கண்ணில் படும்படி நின்றால் போதும். கவுன்டரில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. பெங்களூரில் உள்ள ஐரிஷ் பாணி பப்களில் மேசைக்கே வந்து ஆர்டர் எடுத்து, கடைசியில் பில் தருவது சகஜம்.

படி 3: ரவுண்டு முறை

நம் ஊரில் நண்பர்கள் சேர்ந்து சாப்பிட்டால் "நான் கொடுக்கிறேன்" என்று பில்லைப் பிடுங்குவோம். அயர்லாந்தில் முறை வைத்து வாங்குவார்கள். ஒருவர் எழுந்து எல்லோருக்கும் வாங்கி வருவார், அது ஒரு ரவுண்டு. அடுத்த ரவுண்டு அடுத்தவருடையது. அடுத்தவர் காசில் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவுகிறவரை அந்த ஊரில் மறக்க மாட்டார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நான்கு பேர் என்றால் ஆளுக்கு நான்கு பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லி. பழக்கமில்லாத உடம்புக்கு இது அதிகம். அதனால் உட்காரும்போதே "நான் ரவுண்டில் இல்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாருக்கும் வருத்தம் இருக்காது.

படி 4: என்ன குடிப்பது

1759-ல் டப்ளினில் ஆர்தர் கின்னஸ் தொடங்கிய ஆலையின் கின்னஸ் என்ற கறுப்பு பீர்தான் இங்கே பேர்போனது. வறுத்த பார்லியால் அந்த நிறமும் காப்பி வாடையும் வருகின்றன. நிறத்தைப் பார்த்துக் கடுமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் ஊர் ஸ்ட்ராங் பீர்களில் 8 சதவீதம் வரை இருக்கும்.

ஊற்றும் விதத்தைக் கட்டாயம் கவனியுங்கள். கிளாஸைச் சாய்த்து முக்கால் அளவு நிரப்பி, அப்படியே வைத்துவிடுவார்கள். அடங்கிய பிறகுதான் மீதி. மொத்தம் 2 நிமிடம் போல ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். இதில் நைட்ரஜன் கலந்திருப்பதால் குமிழிகள் மிகச் சிறியவை, நுரை பாலேடு மாதிரி நிற்கும். கிளாஸ் ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி இறங்குவதும் தெரியும். மேலே அகன்ற கிளாஸில் நடுவில் பீர் மேலேறி ஓரம் வழியாகக் கீழே சுற்றி வருவதால், குமிழிகளையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. பார்க்க அவ்வளவு அழகு!

மது வேண்டாமா? எலுமிச்சை போட்ட சோடா கேளுங்கள், அல்லது ஆல்கஹால் இல்லாத கின்னஸ். கிளாஸைத் தூக்கும்போது "ஸ்லான்ச்ச" என்பார்கள், நீங்களும் சொல்லலாம்.

படி 5: சாப்பாடு

ஐரிஷ் ஸ்டியூ கேளுங்கள். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட் போட்டு மெதுவாக வேகவைத்தது. மிளகாய்த்தூளே காட்டாத கறித் தண்ணிக் குழம்பு மாதிரி இருக்கும். ஆம்பூர் பிரியாணி பழகிய நாக்குக்கு முதல் இரண்டு வாய் சப்பென்றுதான் இருக்கும். மிளகைத் தூவி, கூட வரும் சோடா ரொட்டியைக் கிழித்துத் தொட்டுச் சாப்பிடுங்கள், கறியின் ருசி பிடிபடும். ஈஸ்ட் இல்லாமல் மோரும் சமையல் சோடாவும் சேர்த்துச் சுட்ட ரொட்டி அது. சில ஸ்டியூவிலும், மாவுக்குள் வைத்துச் சுடும் பை (pie) வகைகளிலும் மாட்டுக்கறி இருக்கும், வேண்டாதவர்கள் கேட்டுவிடுங்கள். சைவர்களுக்கு முட்டைக்கோஸ் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கான கோல்கேனன் உண்டு. சூப் சைவமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

படி 6: பாட்டு

அதிர்ஷ்டம் இருந்தால் அன்றைக்கு செஷன் நடக்கும். மேடை இருக்காது. ஒரு மூலை மேசையைச் சுற்றிப் பிடிலும், விசில் என்ற சிறு குழலும், பௌரான் என்ற தோல்கருவியுமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த நாற்காலிகளில் போய் உட்காராதீர்கள். வேகமான மெட்டு ஓடும்போது பேசலாம், காலால் தாளம் தட்டலாம். ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். எனக்கு ஐரிஷ் பப்பில் பிடித்ததே அந்த மரியாதைதான்.

படி 7: திரும்புவது

ஒரு பைன்ட் குடித்திருந்தாலும் வண்டியைத் தொடாதீர்கள். இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். பெங்களூர் பப்பிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஹைவேயில் வேலூர் வந்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். நண்பர் அறையில் படுத்துவிட்டு, மறுநாள் காட்பாடிக்கு ரயில் ஏறுங்கள்.