தினமும் ஒரு பக்கம்: நாட்டு நடப்பைப் பற்றிச் சொந்தப் புத்தியில் எழுதுவது எப்படி

மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. காலையில் கிளம்புவதற்கு முன் நாட்டு நடப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நண்பர்களுக்கும் ஊர்ப் படிப்பகத்துக்கும் கொடுப்பேன். அரசியல், கோர்ட், காவிரி, சினிமா எல்லாம் அதில் வரும். இப்படி எழுத ஆசைப்படும் இளையவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "கட்சி சாராம எப்படிண்ணே எழுதறது?" என்பதுதான். ஓட்டுப் போடுகிற யாருக்கும் சார்பு இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் கருத்துச் சொல்வதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்கிற பழக்கம் இருந்தால், சார்பு உள்ளவரும் நேர்மையாக எழுதலாம். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரே விஷயத்தை எடுங்கள். நாலைத் தொட்டால் நாலும் மேலோட்டமாகப் போகும். விஷயத்தைத் தேர்ந்தெடுக்க நாளிதழோடு கட்சிப் பத்திரிகைகளையும் பாருங்கள். முரசொலி (திமுக), நமது அம்மா (அதிமுக), தீக்கதிர் (மார்க்சிஸ்ட் கட்சி) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் முதல் பக்கத்தில் வந்தது இன்னொன்றில் வரவே இல்லை என்றால், பெரும்பாலும் அன்றைக்கு எழுத வேண்டியது அதுதான். டிவி விவாதங்களை நான் பார்ப்பதில்லை. யார் என்ன பேசுவார் என்று முன்பே தெரிந்துவிடுகிறது, புதுத் தகவல் கிடைப்பது அபூர்வம்.

விஷயம் கிடைத்ததும் அசல் ஆவணத்தைத் தேடுங்கள். அரசாணை, பட்ஜெட் உரை, துறைகளின் செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு எல்லாம் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்புச் செய்தி எதுவும் சொல்லாத எண் ஒன்று அதற்குள் நிச்சயம் இருக்கும்.

மகளிர் உரிமைத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி. 2023 மார்ச் 20 அன்று பட்ஜெட் வாசித்த அப்போதைய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன், திட்டம் செப்டம்பர் 15-ல் தொடங்கும், இதற்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம் என்றார். எல்லாப் பெண்களுக்கும் வரப்போகிறது என்று ஒரு பக்கம் கொண்டாடினால், எல்லாம் ஏமாற்று என்று மறுபக்கம் திட்டும். அந்த இடத்தில் நீங்கள் ஒரு பென்சிலை எடுத்தால் போதும். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம். 7,000 கோடியை ஏழால் வகுத்தால் மாதம் 1,000 கோடி. தலைக்கு 1,000 ரூபாய் என்றால் ஒரு கோடிப் பெண்கள். மாநிலத்தில் ரேஷன் கார்டுகள் சுமார் 2.2 கோடி. ஆக, பாதிக் குடும்பங்களுக்கு வரும், பாதிக்கு வராது. செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது பயனாளிகள் சுமார் 1.06 கோடிப் பேர். இந்த அளவுக்குத்தான் இருக்கும் என்பதை பட்ஜெட் நாளிலேயே, ஐந்தாம் வகுப்புக் கணக்கை வைத்துச் சொல்லியிருக்க முடியும்.

கணக்குப் போட்ட பிறகுதான் உருப்படியான கேள்வி வருகிறது: விடுபடுகிற அந்தப் பாதி யார்? ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் என்றால் ஐந்து ஏக்கருக்கு மேல் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று விதிகள் வந்தன. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பங்கள் இருக்கும் வீட்டில் 3,600 யூனிட் சீக்கிரமே தீர்ந்துவிடும். உங்கள் தெருவில் அப்படி எத்தனை வீடு என்று எழுதினால், ஆளுங்கட்சிக்காரரும் படிப்பார், எதிர்க்கட்சிக்காரரும் படிப்பார். இரண்டு பேருக்கும் அது தேவைப்படுகிற தகவல்.

காவிரிக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் இதை எழுதாமல் ஒரு ஆண்டு கூடப் போகாது. டெல்டாவில் இருந்து எழுதுகிற எவரும் சில எண்களை மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டியது 177.25 டிஎம்சி, அதற்கு முன் காவிரி நடுவர் மன்றம் சொன்னது 192. எல்லாவற்றையும் விட உதவுகிற எண் இன்னொன்று: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் அது ஒரு டிஎம்சி.

இதை வைத்து 2023 செப்டம்பரைப் பாருங்கள். விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாளைக்குத் திறந்துவிடச் சொல்லி கர்நாடகத்துக்கு உத்தரவு போனது. பெங்களூருவில் பந்த் நடந்தது, அடுத்து மாநிலம் முழுக்க பந்த். அங்கே எல்லாம் பறிபோகிறது என்ற பேச்சு, இங்கே வெற்றி என்ற பேச்சு. பெருக்கிப் பார்த்தால் அந்தப் 15 நாள் தண்ணீர் மொத்தம் 6.48 டிஎம்சி. மேட்டூரின் கொள்ளளவில் ஏழு சதவீதம். கருகிக்கொண்டிருந்த குறுவை நெல்லுக்கு அது எவ்வளவு தூரம் காணும் என்பதை எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். இந்த எண்ணைச் சொல்லாமல் எழுதுகிற காவிரிக் கட்டுரை எந்த மொழியில் வந்தாலும் கோபத்தை மட்டுமே வளர்க்கும்.

கோர்ட் செய்தியில் கூடுதல் கவனம் வேண்டும். "நீதிபதி காட்டம்", "கோர்ட் சரமாரிக் கேள்வி" என்று வருவதெல்லாம் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னவை. உத்தரவில் அந்த வரி இருக்காமலே போகலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளை அதன் இணையதளத்திலேயே படிக்கலாம். கடைசி இரண்டு பக்கத்தையாவது படித்துவிட்டு எழுதுங்கள், உத்தரவு நகல் வரும்வரை ஒரு நாள் பொறுத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், எழுதி முடித்ததும் நான் கட்டாயம் செய்கிற ஒரு சோதனை: கட்சிப் பெயரை மாற்றிப் போட்டுப் படிப்பது. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்கு 133 இடம், அதிமுகவுக்கு 66. வாக்கு சதவீதமோ 37.7-ம் 33.3-ம். "இரண்டு மடங்கு இடம், ஆனால் வாக்கு வித்தியாசம் நாலரைகூட இல்லை" என்று அதிமுகவுக்கு ஆறுதலாக எழுதலாம். அதே வாதத்தை 2006-க்கு எடுத்துப்போனால் என்ன ஆகும்? அப்போது திமுக 26.5 சதவீதத்தில் 96 இடம் பெற்று ஆட்சி அமைத்தது, 32.6 சதவீதம் வாங்கிய அதிமுகவுக்கு 61 இடம்தான். ஆனால் அதிமுக 188 தொகுதியிலும் திமுக 132 தொகுதியிலும் நின்றன. எத்தனை தொகுதியில் நின்றார்கள் என்று பார்க்காமல் கட்சி வாரியான சதவீதத்தை ஒப்பிடவே கூடாது என்பது 2006-ல் தெரிகிறது. அப்படியானால் 2021-க்கும் அதே விதிதான். பெயரை மாற்றினால் நிற்காத வாதத்தை நான் அடித்துவிடுவேன், அது எனக்குப் பிடித்தமான வரியாக இருந்தாலும்.

குறிப்பின் தலையில் தேதி போடுங்கள். தமிழ்நாடு ஆளுநர் மசோதாக்களை நிறுத்தி வைத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் கால வரம்பு விதித்தது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொல்லும்போது, நீதிமன்றம் அப்படிக் கால வரம்பு விதிக்க முடியாது என்றது. ஏப்ரலில் எழுதிய குறிப்பை நவம்பரில் ஒருவர் தேதி இல்லாமல் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வார். பழைய குறிப்பின் அடியில் புதுத் தேதியோடு இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

சினிமாவுக்கும் இதே முறைதான். "மூன்று நாளில் 100 கோடி" என்ற போஸ்டரை ஒட்டுவது படத்தை எடுத்தவர்கள். அது பெரும்பாலும் வரியும் சேர்ந்த மொத்த வசூல். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போகும், பிறகு தியேட்டர்காரர் பங்கு, மிச்சம்தான் விநியோகஸ்தருக்கு. அந்தப் போஸ்டர் எண்ணை வைத்து ஒரு நடிகரின் அரசியல் செல்வாக்கை அளக்காதீர்கள். நம் ஊரில் அந்த ஆசை எல்லோருக்கும் வரும். அதைவிட, தியேட்டரில் கூட்டம் எந்த வசனத்துக்குக் கை தட்டியது, எந்த இடத்தில் போனை எடுத்தது என்று எழுதுங்கள். ஜனங்கள் எதை நம்ப விரும்புகிறார்கள் என்பது அதில் தெரியும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதும் உரிமையை நக்கீரன் பத்திரிகை வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அதனால் ஆவணத்தை ஒட்டியே எழுதுங்கள், தனிப்பட்ட வாழ்க்கையைத் தொடாதீர்கள். ஆவணம் கிடைக்கவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

முதல் குறிப்புக்கு என்ன எடுப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் ஊர் ரேஷன் கடையில் இருந்து தொடங்குங்கள். கூட்டுறவு, உணவுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் பதிவிறக்கி, அதில் சொல்லியிருப்பதையும் கடைப் பலகையில் எழுதியிருக்கும் இருப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரரிடமும் வரிசையில் நிற்பவர்களிடமும் பேசுங்கள். ஒரு பக்கத்துக்கு அது தாராளமாகப் போதும்.