பழைய ட்ரம்பெட்டை மீட்டெடுப்பது எப்படி?

அரிதான பழைய ட்ரம்பெட் கைக்கு வந்ததும் பளபளவென்று தேய்க்கத்தான் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். மார்ட்டின் நிறுவனத்தின் ‘கமிட்டி’ மாடல் போன்ற கருவிகளில் பெல்லின் (விரிந்த முன்வாயின்) மேல் செதுக்கிய எழுத்தும் தொழிற்சாலையில் பூசிய முதல் லேக்கர் பூச்சும் மதிப்பில் பெரும்பங்கு. மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் செதுக்கல் மழுங்கும். ஏற்கெனவே மெல்லிய தகடு இன்னும் தேயும்.

முதலில் லீட்பைப்பை, அதாவது ஊதும் வாய்ப்பகுதி செருகும் குழாயை, நல்ல வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த செந்நிறப் புள்ளிகள் இருந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த அரிப்பு உள்ளிருந்து வெளியே வருவது. வெளியே தெரிகிறதென்றால் உட்சுவர் ஏறக்குறைய போய்விட்டது. அந்தக் குழாயை இழுக்கவோ தட்டவோ வேண்டாம். அதை மாற்றுவது பட்டறை வேலை.

சிக்கிய பாகங்களில்தான் பொறுமை வேண்டும். மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் பாகம்) இறுகியிருந்தால் அதற்கென்றே உள்ள புல்லரால் கழற்றுங்கள். கையால் முறுக்கினால் லீட்பைப்பைத் தாங்கும் பிரேஸின் பற்றவைப்பு விட்டுப்போகும். ஸ்லைடு (வெளியே இழுக்கும் வளைகுழாய்) அசையாவிட்டால் இணைப்பில் ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு விட்டு ஒருநாள் வையுங்கள். பிறகு வெளிக்குழாயை மட்டும் வெந்நீர்த் துணியால் சூடாக்கி, ஸ்லைடின் வளைவில் பருத்தி நாடாவைக் கோத்து, நேர்க்கோட்டில் வெடுக்கென்று சுண்டி இழுங்கள். வால்வுகளோடு சேர்ந்த மூன்று ஸ்லைடுகளில் ஒன்று என்றால் அதன் வால்வை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பின்னிழுக்கும். வால்வின் அடிமூடி திறக்காவிட்டால் அதன் விளிம்பைச் சுற்றித் தோல் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். குறடு போட்டால் வால்வின் உறை நெளிந்து, அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டன் உள்ளே நின்றுவிடும்.

கழுவ வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கொதிநீர் பட்டால் பழைய லேக்கர் உரியும். ஃபெல்ட் (கம்பளி வளையம்), கார்க் எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிடுங்கள். உள்ளே சுண்ணப் படிவு இருந்தால், லேக்கர் இல்லாத ஸ்லைடுகளை மட்டும் ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். வினிகரில் இரவெல்லாம் போட்டால் பித்தளை சிவந்துபோகும்.

பிஸ்டன்களில் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். ஒவ்வொன்றையும் அதே எண்ணுள்ள வால்வின் உறையிலேயே போடுங்கள். காற்றுக் கசிவை அறிய, எண்ணெய் விட்டபின் வால்வை அழுத்தாமல் முதல் ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்து, ஐந்து விநாடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். ‘பட்’டென்று சத்தம் வந்தால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் கெட்டியான எண்ணெய் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிஸ்டனுக்கு முலாம் பூசி உறைக்குப் பொருத்தத் தேர்ந்த தொழிலாளி வேண்டும். உப்புத்தாளை அங்கே கொண்டுபோகவே கூடாது.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நீட்டிப் போடாமல் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். புது ஃபெல்ட் போட்டதும் வால்வுத் துளைகள் சரியாக நிற்கின்றனவா என்று விளக்கடித்துப் பாருங்கள். வால்வு மேலே நிற்கும்போதும் கீழே அழுந்தியபோதும் பிஸ்டனின் துளைகளும் உறையின் துளைகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மேல்நிலை சரியில்லையென்றால் மேல்மூடிக்கு அடியில் உள்ள ஃபெல்ட்டையும், கீழ்நிலை சரியில்லையென்றால் விரல் பொத்தானுக்கு அடியில் உள்ளதையும் மாற்றுங்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலே சுருதியும் ஊதும் சுகமும் கெடும்.

மாற்றிய பழைய பாகங்களை வீசாமல் கருவியின் பெட்டியிலேயே வையுங்கள். ஓல்ட்ஸ் போன்று மூடப்பட்ட நிறுவனங்களின் மூடிகளும் திருகுகளும் புதிதாகக் கிடைப்பதில்லை, மற்றவர்களுடைய மரையும் பெரும்பாலும் பொருந்தாது.