சமவெளியில் சிவப்பு ஹைபிரிட் டீ ரோஜா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலை ஒட்டி நர்சரிகளில் பூவும் மொட்டுமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் சிவப்பு ரோஜாச் செடியை ஆசையோடு வாங்கி வருபவர்களில் பலர், ஆடி பிறப்பதற்குள் வெறும் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரோஜா நமக்கு ராசியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரோஜா வளர்ப்பு பற்றிப் புழக்கத்தில் உள்ள அறிவுரைகளில் பெரும்பகுதி, பனியில் செடி பட்டுப்போகும் நாடுகளில் எழுதப்பட்டது. சென்னையிலோ மதுரையிலோ செடியைக் கொல்வது பனி அல்ல. கோடை வெயிலும், தேங்கிய நீரும், உப்புத் தண்ணீரும்தான். தவறுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் நேர்பவையே.

ஹைபிரிட் டீ என்பது, சீனாவிலிருந்து சென்ற டீ ரோஜாக்களையும் ஐரோப்பாவில் வளர்ந்த ஹைபிரிட் பெர்பெச்சுவல் ரோஜாக்களையும் கலந்து உருவான இனம். 1867இல் பிரான்சில் வெளிவந்த லா பிரான்ஸ் என்ற ரோஜாவை இதன் முதல் செடியாகக் கொள்வது வழக்கம். டீ ரோஜாவின் வழிவந்ததால், குளிர் உறைக்காத இடங்களில் இது ஆண்டு முழுவதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும்; இலையுதிர்த்து உறங்குவதில்லை. நம் ஊரில் இதன் நல்ல பருவம் கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர்ந்த மாதங்களே.

முதல் தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. பூங்கொத்துக் கடையில் நீண்ட காம்போடு நிற்கும் தாஜ்மஹால் போன்ற வகைகள், ஓசூர், பெங்களூரு பகுதிகளின் பசுமைக் குடில்களில் கொய்மலருக்காக வளர்க்கப்படுபவை; ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதையும், குடிலுக்குள் மழை நேரடியாகப் படாது என்பதையும் மறந்துவிட்டு, அதே பூவை மொட்டைமாடியில் எதிர்பார்ப்பது பொருந்தாது. நறுமணத்துக்குப் பெயர்பெற்ற மிஸ்டர் லிங்கன், பாப்பா மெய்லாண்ட், ஒக்லஹோமா ஆகிய மூன்றும் 1960களில் வெளிவந்த கருஞ்சிவப்பு வகைகள். மூன்றுக்கும் பெற்றோர் ஒன்றே என்பது பலருக்குத் தெரியாத செய்தி. வெல்வெட் போன்ற அந்தக் கருஞ்சிவப்பு கண்ணைப் பறிக்கும் என்றாலும், அடர்ந்த நிறம் வெப்பத்தை அதிகம் ஈர்ப்பதால் நண்பகல் வெயிலில் இதழ் விளிம்பு முதலில் கருகுவது இத்தகைய பூக்களில்தான். புதிதாகத் தொடங்குபவருக்கு வெளிர்ந்த சிவப்பு வகையே ஏற்றது என்பது என் கருத்து. கருஞ்சிவப்புதான் வேண்டும் என்பவர் பிற்பகல் நிழல் விழும் இடத்தை அதற்கு ஒதுக்க வேண்டும்.

பூவின் எண்ணிக்கையைப் பார்த்துச் செடி வாங்குவதும் தவறு. பார்க்க வேண்டியது ஒட்டுக்கட்டுக்கு (வேர் தரும் அடிச்செடியோடு ரோஜாவை ஒட்டுப்போட்டு இணைத்த முடிச்சுக்கு) மேலே புறப்படும் தண்டுகளை: பென்சில் பருமனில் இரண்டு, மூன்று இருந்தால் ஒரு பூகூட இல்லாத செடியும் நல்ல செடிதான்.

நர்சரிச் செடி பெரும்பாலும் இறுகிய செம்மண் உருண்டையோடு கறுப்புக் கவரில் வரும். அதை அப்படியே தொட்டிக்குள் இறக்கிச் சுற்றிலும் இளகிய மண்கலவை நிரப்பினால், ஊற்றும் நீர் எளிய வழியைத் தேடிக் கலவை வழியே இறங்கிவிடும். நடுவிலுள்ள உருண்டை செங்கல்லாகக் காய்ந்து கிடக்கும். மேல்மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவதன் மர்மம் இதுதான். இதைக் கண்டு பதறி, உருண்டையை முழுவதும் உடைத்து வேரை அலசுவது அடுத்த பிழை. கவரைக் கிழித்த பிறகு, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி வருவது நிற்கும்வரை அமிழ்த்தி வைத்து, வெளிப்புற மண்ணை மட்டும் விரலால் மெல்லத் தளர்த்தி நட்டால் போதும். செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், மணல் மூன்றும் சம அளவில் கலந்த மண் பொதுவாக ஒத்துக்கொள்ளும். எடை குறைவாக இருக்கிறதே என்று பாதிக்கு மேல் கோகோ பீட் (தென்னை நார்க் கழிவு) சேர்ப்பவர்கள் ஐப்பசி மழையில் வேரழுகலைச் சந்திப்பார்கள்.

நடும் ஆழத்தில்தான் குளிர்நாட்டு அறிவுரை நேரடியாகக் கெடுக்கிறது. ஒட்டுக்கட்டைப் பனியிலிருந்து காக்க அங்கே மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள். இங்கே அது மண்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். புதைத்தால் ஈரத்தில் அழுகும் அபாயம் ஒருபுறம். அடிச்செடியிலிருந்து கிளம்பும் காட்டுச் சிம்பு கண்ணில் படாமல் போவது மறுபுறம். ஏழு இலை இருந்தால் காட்டுச் சிம்பு என்று சொல்லப்படும் அடையாளத்தை நம்ப வேண்டாம். நல்ல ஹைபிரிட் டீ கிளையிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. சிம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பதே சரியான சோதனை. தென்னிந்தியாவில் அடிச்செடியாகப் பரவலாகப் பயன்படும் மல்டிஃபுளோரா வகையாக இருந்தால், இலைக்காம்பின் அடியில் தண்டோடு ஒட்டியிருக்கும் சிறு செதில் சீப்புப் பல்லைப் போல நுனி கிழிந்திருக்கும். அத்தகைய சிம்பை மண்மட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்கும். புறப்படும் இடம்வரை மண்ணை விலக்கி, கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிட வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால், ஓராண்டில் சிவப்பு ரோஜா மறைந்து காட்டுச் செடி மட்டும் கொழிக்கும்.

தண்ணீரை நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதைவிட, மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுவது சிறந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள பகுதிகளில் இது இன்னும் முக்கியம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது நீர் ஆவியாகி உப்பு மட்டும் தொட்டியில் சேர்கிறது, இலை விளிம்பு பழுப்பாகக் கருகுகிறது, அதை உரக் குறை என்று எண்ணி மேலும் உரமிடுகிறோம். மழைநீர் கிடைக்கும் காலத்தில் தொட்டியை நன்றாகக் கழுவிவிடுவதே மருந்து. மாலையில் இலை நனைய ஊற்றுவதும் கூடாது. கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும்.

உரத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் அடுக்களைக் கழிவுகளைத் தவிர்க்க முடியாது. பாலும் சர்க்கரையும் கலந்த தேயிலைச் சக்கையைக் கழுவாமல் கொட்டுவது எறும்புக்கும் பூஞ்சைக்கும் விருந்து. முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டக்கூடியவை. ரோஜாவோ கார அமில அளவு (pH) 6 முதல் 6.5 வரையிலான, சற்றே அமிலம் சார்ந்த மண்ணை விரும்புவது. நீரிலேயே சுண்ணாம்பு மிகுந்த ஊர்களில் இவற்றைத் தொடர்ந்து இட்டால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல், இளந்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரியும். அப்போது தழைச்சத்து போடுவதில் பயனில்லை. தழைச்சத்துக் குறையில் வெளுப்பது அடியிலுள்ள முதிர்ந்த இலை. புதுச் சாணம் வேரைச் சுடும். புண்ணாக்கு வகைகளை ஊறவைத்து, நீர்த்து, ஈரமண்ணில் மட்டுமே ஊற்ற வேண்டும். நட்டு ஒரு மாதம் வரை எதையும் போடாமல் இருப்பதுதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது.

கவாத்துக்கு வருவோம். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டுக் கிளையை அப்படியே விடுவதால், அடுத்த தளிர் மெலிந்து, பூவும் சிறுத்துப் போகிறது. பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட இலைகளில், வெளிப்புறம் பார்த்த கணுவைத் தேர்ந்து, அதற்குக் கால் அங்குலம் மேலே கூரிய கத்தரியால் சாய்வாக வெட்ட வேண்டும். ஆண்டுக் கவாத்தைக் குளிர்நாட்டவர் பனிக்காலம் முடியும்போது செய்வார்கள். அந்த நாட்காட்டியைப் பின்பற்றி இங்கே மார்ச்சில் வெட்டினால், புதுத்தளிர் நேராகக் கத்திரி வெயிலில் போய் நிற்கும். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம். வெட்டிய ஆறு, ஏழு வாரத்தில் பூ வரும். மேற்கு மாவட்டங்களில் அக்டோபரிலேயே முடிக்கலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் கடலோரத்தில், நான்கைந்து நாள் மழை விடும் இடைவெளிக்காகக் காத்திருந்து வெட்டுவது நல்லது. அடிவரை மொட்டையடிக்க வேண்டியதில்லை. கடந்த ஆண்டு வளர்ந்த கிளையில் பாதியைக் குறைத்து, காய்ந்ததையும் குறுக்கே ஓடுவதையும் நீக்கினால் போதும்.

மழையில் வெட்டிய காயத்தின் வழியே நுழைவதுதான், நம் ரோஜாக்களை அதிகம் பலிகொள்ளும் நுனிக்கருகல் நோய். தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழிறங்கும். கறுத்த பகுதியை மட்டும் வெட்டுவது போதாது. வெட்டிய முகப்பைப் பாருங்கள்: பட்டை பச்சையாக இருந்தாலும் நடுச்சோறு பழுப்பாக இருக்கும். அது வெள்ளையாகத் தெரியும்வரை இன்னும் இறங்கி வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துப் பூசி, கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த கிளையைத் தொட வேண்டும்.

மொட்டு விரியாமல், விளிம்பு கருகி நின்றால், அது வெயில் மட்டுமல்ல, இலைப்பேனாகவும் இருக்கலாம். மொட்டை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மெல்லிய கோடுகள் போல ஊர்வது தெரியும். இலை மங்கி, தூசி படிந்தது போலிருந்தால் அடிப்புறத்தில் செஞ்சிலந்தியைத் தேட வேண்டும். இது பூச்சி அல்லாததால் சாதாரணப் பூச்சிமருந்து பயன்படாது, சில மருந்துகள் அதை உண்ணும் நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று நிலைமையை மோசமாக்கும். காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சி அடிப்பதே முதல் வைத்தியம். வேப்பெண்ணெயையும் கந்தகத்தையும் உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். 32 பாகை செல்சியஸுக்கு மேல் போகும் நாட்களில் கந்தகத்தைத் தொடவே கூடாது.

ஏப்ரல், மே மாதங்களில் பூ சிறுத்து, நிறம் மங்குவதைக் கண்டு உரத்தைக் கூட்டுவது மிகப் பரவலான பிழை. அந்த நாட்களில் செடி தாக்குப்பிடித்தாலே போதும். உரத்தை நிறுத்தி, சிறு மொட்டுகளை இலை நீங்காமல் கிள்ளி, மண்மேல் காய்ந்த சருகைப் போர்த்தி, சிமென்ட் தரையின் சூடு ஏறாதபடி தொட்டியைச் செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, பிற்பகலில் நிழல்வலை கட்டினால், கோடை மழை விழுந்து வெப்பம் தணிந்ததும் புதுச் சிவப்புத் தளிர் தானாகக் கிளம்பும். உரத்தை அதன் பிறகு, அரையளவில் தொடங்கலாம்.