கரண்ட் போனதும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

ஒரு புயல் இரவில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்த ஓடினேன். அப்புறம் அதை மறந்தே போனேன். விடியற்காலையில் கருகல் வாடைதான் எழுப்பியது. எப்போதோ கரண்ட் வந்திருக்கிறது. மேசை விரிப்பில் பெட்டியின் வடிவிலேயே கறுப்பாக ஓர் ஓட்டை. அதன் விளிம்பில் சிவப்பாகக் கங்கு ஊர்ந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் சொல்கிறேன்: கரண்ட் போனதும் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், மின்னடுப்பு என்று சூடாகும் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் திரும்பும்போது மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கலாம் என்பதால் ஃபிரிட்ஜ், டிவிக்கும் இதே கதிதான். கரண்ட் வந்தது தெரிய ஒரே ஒரு விளக்கின் ஸ்விட்சைப் போட்டு வைத்தால் போதும்.

மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். ஜன்னல் இடுக்கில் புகும் காற்று திரைச்சீலையைத் தூக்கிச் சுடரில் போட ஒரு நொடி போதும். டார்ச்சை அலமாரிக்குள் வைக்காமல், இருட்டில் கை நீட்டினால் படுகிற மாதிரி கட்டில் காலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

வெள்ளம் வரும் என்று தெரிந்தால், தண்ணீர் உள்ளே வருமுன் மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் வந்துவிட்டதா? அதில் நின்றுகொண்டு மெயின் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது.

ஜெனரேட்டர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். மழையில் நனைகிறதே என்று அதை வராந்தாவுக்குள் இழுத்து வைக்கிறார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, கதவு ஜன்னல் பக்கம் புகை வராதபடி வையுங்கள். மழை விடாவிட்டால் இருட்டிலேயே இருந்துவிடலாம். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டுவதும் இதே ஆபத்துதான்.

கேஸ் சிலிண்டர் வால்வைப் புயல் வருமுன்பே மூடிவிடுங்கள். அதிலிருக்கும் சமையல் கேஸ் (எல்பிஜி) காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், அணைக்கக்கூடத் தொட வேண்டாம். போகிற வழியில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறுங்கள். வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிகிற எண்ணெய் வெடித்துச் சிதறும். மூடி போட்டு, அடுப்பை அணைத்து, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

காற்று சட்டென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே ஓட வேண்டாம். புயலின் கண், அதாவது அதன் நடுவில் காற்று அடங்கியிருக்கும் பகுதி, கடக்கும் நேரமாக இருக்கலாம். அடுத்த காற்று எதிர்த் திசையிலிருந்து அடிக்கும்.

இன்னொன்று. காற்றுக்குப் பயந்து வாசல் கதவைப் பூட்டி, முன்னால் மேசையையும் நகர்த்தி வைக்கிறோம். உள்ளே தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது? ஒரு நாள் நானும் மகளும் கண்ணை மூடிக்கொண்டு, புகைக்குக் கீழே போவதுபோல் படுக்கையறையிலிருந்து தவழ்ந்து வாசல்வரை போய்ப் பார்த்தோம். வாசலுக்கு வந்தாயிற்று, சாவி இல்லை. அது சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வாசல் கதவுக்குப் பக்கத்தில், மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்தேன். சாவி இப்போது அங்கேதான் இருக்கிறது.